வரல, சார்

தமிழில் ‘வரல’. கன்னடத்தில் ‘பர்த்தா இல்ல’. தெலுங்கில் ‘ராவட்லேது’. இந்தியில் ‘ஆ நஹீ ரஹா’. மலையாளத்தில் ‘வருந்நில்லா’. பெங்களூரில் ஒரு கம்பெனியின் சர்வீஸ் டெஸ்க்கில் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்தால் இந்த ஒரு சொல்லை ஐந்து மொழியிலும் தூக்கத்தில்கூட அடையாளம் கண்டுகொள்ளலாம். லேப்டாப்பில் பாஸ்வேர்ட் போட்டாயிற்று. ‘உங்கள் போனில் அப்ரூவ் செய்யுங்கள்’ என்கிறது திரை. போன் கையில்தான் இருக்கிறது. அதில் ஒன்றும் வரவில்லை. கூப்பிடுகிறவர் குரலில் கோபம் தெரியும், கொஞ்சம் கவனித்துக் கேட்டால் அதன் அடியில் பயம் தெரியும். சாயங்காலம் 6.30 ஷிஃப்ட்டுக்கு லாகின் ஆக வேண்டியவர் 6.50 வரை வாசலிலேயே நின்றால் அந்த இருபது நிமிஷம் அவர் பெயரில்தான் ஏறும், போனின் பெயரில் ஏறாது.

நான் கிருஷ்ணகிரிப் பக்கம். பாலிடெக்னிக் முடித்து 2012இல் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஓசூரில் வீடு, அத்திப்பள்ளி தாண்டித் தினமும் பஸ். அப்போது எங்கள் கம்பெனியில் இரண்டாவது சாவி என்றால் கீ-செயினில் தொங்கும் ஆர்.எஸ்.ஏ டோக்கன்தான். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக், அதில் ஒரு சின்னத் திரை, 60 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கம். அதற்கு நெட்வொர்க் வேண்டாம், சார்ஜ் வேண்டாம், அப்டேட் வேண்டாம். பேட்டரி தீர்ந்தால் புதுசு கொடுப்போம். தொலைத்துவிட்டால் ஒரு படிவம். ‘வரல’ என்ற புகாரே கிடையாது. எண் எப்போதும் அதில் ஓடிக்கொண்டிருக்கும். போனுக்கு மாறிய பிறகுதான் இந்தச் சொல் என் வேலைக்குள் நுழைந்தது. டோக்கன் எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். போனில் வரும் ப்ராம்ப்ட்டோ எங்கிருந்தோ கிளம்பி, பல கைகள் மாறி, நம் வீட்டு வாசல்வரை வந்து சேர வேண்டிய ஒரு கடிதம். எந்தத் தெருமுனையிலும் அது நின்றுபோகலாம்.

நான் செய்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கற்றுக்கொண்டது.

2017 என்று ஞாபகம். ஃபைனான்ஸ் பிரிவில் ஒரு மேடம், ஈரோட்டுப் பக்கம். அப்ரூவல் வரவில்லை என்றார். நாங்கள் படித்துக்காட்ட வேண்டிய தாளில் இருந்தபடியே, “ஆப்பை அழிச்சிட்டு மறுபடியும் போடுங்க மேடம்” என்றேன். அழித்தார். ஆபீஸ் கணக்கை ரீசெட் செய்து பத்து நிமிஷத்தில் மறுபடி இணைத்துக் கொடுத்தேன். டிக்கெட்டை மூடினேன். மறுநாள் என் இருக்கைக்கே வந்து நின்றார். அதே ஆப்பில் அவருடைய சொந்த மெயிலுக்கான ஆறு இலக்கக் குறியீடும் இருந்திருக்கிறது. அது போய்விட்டது. மெயிலில் மீட்புக்காகக் கொடுத்திருந்த நம்பர், அவர் எப்போதோ விட்டுவிட்ட பழைய சிம். வீட்டுக் கடன் காகிதங்கள், மகளின் பள்ளி விண்ணப்பம் எல்லாம் அந்த மெயிலுக்குள். மீட்டெடுக்க மூன்று வாரம் ஆனது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “முன்னாடியே கேட்டிருக்கலாமேப்பா” என்றார்.

அந்த ஆறு இலக்கம் எப்படிப் பிறக்கிறது என்பதை அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். முதல்முறை க்யூ.ஆர் கட்டத்தை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சாவி போனுக்குள் இறங்குகிறது. அதே சாவியின் இன்னொரு நகல் சர்வரில் இருக்கிறது. இரண்டு பக்கமும் அந்தச் சாவியையும் அந்த நேரத்து மணியையும் சேர்த்துக் கணக்குப் போடுகின்றன. 30 விநாடிக்கு ஒரு புது விடை. இரண்டு விடையும் ஒன்றானால் கதவு திறக்கும். 2011இல் ஆர்.எஃப்.சி 6238 என்ற பெயரில் இந்தக் கணக்கு பொதுத் தரமாக வெளியானது. இதில் எஸ்.எம்.எஸ் இல்லை, இணையம்கூட இல்லை. ஆனால் ஆப்பை அழித்தால் போனில் இருக்கும் சாவியும் சேர்ந்து அழியும். கூகுள் ஆத்தென்டிகேட்டரில் சாவிகளைக் கூகுள் கணக்கோடு சேமித்துவைக்கும் வசதி 2023 ஏப்ரலில்தான் வந்தது. அதுவரை போனே பெட்டி, போனே சாவி.

அன்றிலிருந்து அழைப்பை எடுத்து வணக்கம் சொன்னதும் என் முதல் வாக்கியம் ஒன்றுதான்: “எதையும் அழிக்காதீங்க.” எங்கள் தாளிலிருந்து அந்த வரியை நீக்கவைக்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. இன்றும் யூடியூபில் யாராவது முதல் தீர்வாக ‘அன்இன்ஸ்டால்’ என்று சொல்லும்போது எனக்கு வயிறு கலங்கும். ப்ராம்ப்ட் வராதது ஒரு சின்னக் கோளாறு. அதைக் கணக்கையே இழக்கும் கோளாறாக மாற்றுவது அந்த ஒரு விரல் அசைவு.

‘வரல’ என்று ஒருவர் சொல்லும்போது அது மூன்றில் ஒன்றாக இருக்கும். கிளம்பவே இல்லை; கிளம்பியது, வழியில் நின்றுவிட்டது; வந்துவிட்டது, போன் காட்டவில்லை. எதுவென்று தெரியாமல் செட்டிங்ஸில் கைவைத்தால் ஒன்றைச் சரிசெய்யப் போய் இரண்டைக் கெடுப்போம். ஆகவே எதையும் மாற்றச் சொல்வதற்கு முன் ஆத்தென்டிகேட்டர் ஆப்பைத் திறந்து மேலிருந்து கீழே இழுத்துப் பார்க்கச் சொல்வேன். கோரிக்கை உள்ளே உட்கார்ந்திருந்தால் சர்வர் தன் வேலையைச் செய்துவிட்டது, மணிதான் அடிக்கவில்லை. பாதிப் பேர் அங்கேயே அப்ரூவ் செய்துவிட்டு “அட, இங்க இருக்கே” என்பார்கள். அவசரமான லாகின் முடிந்தது, இனி நிதானமாகக் காரணம் தேடலாம். உள்ளேயும் இல்லையென்றால் எங்கள் பக்கத்துப் பதிவேட்டைத் திறந்து, கோரிக்கை கிளம்பியதா, எந்தப் போனுக்குக் கிளம்பியது என்று பார்ப்பேன்.

அதற்குமேல் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பெனி சர்வர் நேராக உங்கள் போனைக் கூப்பிடுவதில்லை. ஆண்ட்ராய்டு என்றால் கூகுளிடம் கொடுக்கும், ஐபோன் என்றால் ஆப்பிளிடம் கொடுக்கும். கூகுளுக்கும் போனுக்கும் நடுவில் எப்போதும் திறந்தபடி ஒரே ஒரு இணைப்பு இருக்கும், பெரும்பாலும் 5228 என்ற போர்ட்டில். பல ஆப்களின் நோட்டிஃபிகேஷனும் அந்த ஒரு குழாய் வழியாகத்தான் வரும். ஆப்பிளுக்கு 5223. குழாய் அடைத்தால் ஆத்தென்டிகேட்டர் மட்டுமல்ல, அதை நம்பியிருக்கும் எல்லாமே மௌனமாகும். “வாட்ஸ்அப் வருதே சார்” என்பார்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தனக்கென்று தனி இணைப்பும் வைத்துக்கொள்கிறது. அது வருவதை வைத்து இந்தக் குழாய் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஜிமெயில் மணி அடிக்கிறதா என்று கேட்பது நல்ல சோதனை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆன காலத்தை நினைத்தால், புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

வழியில் நின்றுபோன கதைகளில் என்னை அதிகம் அலைக்கழித்தது அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு அலுவலகத்தில் நடந்தது. நான் அங்கே மாறிப்போன புதிதில் ஒரு மாதமாக டிக்கெட் குவிந்துகொண்டிருந்தது. எல்லாம் ஆண்ட்ராய்டு, எல்லாம் ஆறாவது மாடியும் ஏழாவது மாடியும். காலையில் உள்ளே வந்ததும் ப்ராம்ப்ட் நன்றாக வரும். சாப்பாட்டுக்கு அப்புறம் வராது. வெளியே டீ குடிக்கப் போய்த் திரும்பி வந்தால் மறுபடி வரும். ஒவ்வொருவரும் தன் போனைத்தான் குறை சொன்னார்கள். இரண்டு பேர் புது போனே வாங்கிவிட்டார்கள், அதிலும் அதே கதை. மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. முப்பதாயிரம் ரூபாய் என்பது சின்னத் தொகை இல்லை.

டிக்கெட்டுகளை மாடி வாரியாகவும் மணி வாரியாகவும் நோட்டில் எழுதினேன். வெளியே போனால் சரியாகிறது என்றால், வெளியே போகும்போது என்ன மாறுகிறது? ஆபீஸ் வைஃபை விட்டுப்போய் மொபைல் டேட்டா வருகிறது. திரும்பினால் வைஃபையோடு புதிதாகக் கைகுலுக்குகிறது. சரி, வைஃபை. ஆனால் வைஃபையில் காலையில் வருகிறதே? ஒரு சனிக்கிழமை ஆளில்லாத ஆறாவது மாடியில் என் போனை மேசையில் வைத்துவிட்டுத் தொடாமல் உட்கார்ந்தேன். டெஸ்க்கில் இருந்த நண்பரிடம் ஐந்து நிமிஷம் கழித்து என் பெயரில் ஒரு லாகின் முயற்சி செய்யச் சொன்னேன். வந்தது. அடுத்து எட்டு நிமிஷம் சும்மா விட்டோம். வந்தது. அடுத்து பன்னிரண்டு. வரவில்லை. மறுபடி வைஃபையை அணைத்துப் போட்டு, பன்னிரண்டு. வரவில்லை. நாலு தடவை செய்தோம், நாலு தடவையும் அதேதான்.

அந்த மாடிகளுக்குப் புதிதாக வைத்த ஃபயர்வால், பத்து நிமிஷம் பேச்சில்லாத இணைப்புகளைத் தன் குறிப்பிலிருந்து அழித்துக்கொண்டிருந்தது. இணைப்பை அறுக்கும்போது இரு பக்கத்துக்கும் சொல்வதில்லை. போன், குழாய் திறந்திருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருக்கும். கூகுளும் அப்படியே நம்பும். நடுவில் சுவர். போன் அடுத்தமுறை ‘இருக்கிறாயா’ என்று தட்டிப்பார்க்கும்வரை இது யாருக்கும் தெரியாது, பேட்டரியைச் சேமிக்க அந்தத் தட்டலை அது அடிக்கடி செய்வதில்லை. 5228 முதல் 5230 வரையான போர்ட்டுகளில் காத்திருப்பு நேரத்தை 30 நிமிஷமோ அதற்கு மேலோ வையுங்கள் என்று கூகுளே தன் ஆவணத்தில் நெட்வொர்க்காரர்களுக்கு எழுதிவைத்திருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, என் நோட்டையும் எடுத்துக்கொண்டு நெட்வொர்க் டீமிடம் போனேன். பத்தை முப்பத்தைந்தாக மாற்ற அவர்களுக்கு ஆனது ஐந்து நிமிஷம். திங்கட்கிழமை ஒரு டிக்கெட்டும் வரவில்லை. புது போன் வாங்கிய இரண்டு பேரையும் தேடிப்போய்க் காரணத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று டீமில் சிலர் நினைத்தார்கள். காசு செலவழித்தவருக்குக் காரணம் தெரிய வேண்டும்.

வந்தும் காட்டாத கதைகள் எண்ணிக்கையில் அதிகம், ஆனால் சொல்ல அதிகமில்லை. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இலிருந்தே, மேசையில் கிடக்கும் போன் தூங்கப்போகும்; அவசரக் குறி ஒட்டிய செய்தி மட்டும் அந்தத் தூக்கத்தைக் கலைக்கலாம் என்று ஏற்பாடு. அதற்குமேல் சில போன்களில் கம்பெனிகள் தம் பங்குக்கு ஒரு பேட்டரி சிக்கனம் சேர்த்திருக்கும், பல நாள் திறக்காத ஆப்பை ஆழ்ந்த தூக்கத்தில் போட்டுவிடும். ஆத்தென்டிகேட்டர் என்பதோ யாரும் ஆசையாகத் திறந்து பார்க்கிற ஆப் அல்ல. பேட்டரிப் பக்கத்தில் அதை ‘கட்டுப்பாடு இல்லை’ என்று வைத்து, ஆட்டோஸ்டார்ட் இருந்தால் அதையும் போட்டுவிட வேண்டும். ஆப்பை ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ செய்துவிட்டால், மறுபடி கையால் திறக்கும்வரை எந்தச் செய்தியும் அதை எழுப்பாது; மெமரி சுத்தம் செய்யும் ஆப் வைத்திருப்பவர்களிடம் இதைத்தான் முதலில் பார்ப்பேன். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13இலிருந்து புதிதாகப் போடும் ஆப் நோட்டிஃபிகேஷன் காட்ட அனுமதி கேட்கிறது. விளம்பரத் தொல்லைக்குப் பழகிய கட்டைவிரல் யோசிக்காமல் ‘வேண்டாம்’ என்று அழுத்திவிடுகிறது. இரண்டு முறை மறுத்தால் மூன்றாம் முறை அது கேட்பதே இல்லை.

இந்த ஊருக்கே உரியவை என்று சில உண்டு. ஷிஃப்ட் மாறும், போனின் ஸ்லீப் மோட் மாறாது. ராத்திரி வேலை பார்த்த மாதத்தில் பகல் முழுக்க மௌனமாக இருக்கட்டும் என்று ஐபோனில் ஒருவர் அமைத்திருப்பார். பகல் ஷிஃப்ட்டுக்கு வந்த பிறகும் அது தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும். ஆண்ட்ராய்டில் ஆபீஸ் ஆப்களுக்குத் தனியாக வொர்க் ப்ரொஃபைல் என்று ஒரு அறை உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த அறையைப் பூட்டி வைத்தால் நிம்மதி என்று பலர் பூட்டுகிறார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் ஆத்தென்டிகேட்டரும் அந்த அறைக்குள்தான் இருக்கிறது. எட்டு மணிக்கு வீட்டிலிருந்து ஒரு அவசர லாகின் என்றால் ப்ராம்ப்ட் பூட்டிய கதவுக்குப் பின்னால் நிற்கும்.

பேஸ்மென்ட் பார்க்கிங், லிஃப்ட், மாரத்தஹள்ளி நெரிசலில் சிக்னல் திணறும் கேப்: இங்கெல்லாம் ப்ராம்ப்ட்டுக்குக் காத்திருப்பது வீண். ஆப்புக்குள் ஓடும் ஆறு இலக்கத்துக்கு நெட்வொர்க்கே வேண்டாம் என்பது ஆச்சரியமாகப் பலருக்குத் தெரியாது. ஏர்ப்ளேன் மோடில்கூட அது வேலை செய்யும் என்று செய்துகாட்டியதும் முகம் மலர்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கும் ஒரு நிபந்தனை, மணி சரியாக இருக்க வேண்டும். எஜிபுராவில் தங்கியிருந்த ஒரு தம்பிக்குக் குறியீடு ஒவ்வொரு தடவையும் தவறென்று வந்தது. போனின் மணி பத்து நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. “கேப் விட்டுறக் கூடாதுன்னு நான்தான்ணா வெச்சேன்” என்றான். மூன்று முறை கேப்பைத் தவறவிட்டு லீடிடம் பேச்சு வாங்கியவன். மணியைத் தானியங்கிக்கு மாற்றச் சொல்லி, பத்து நிமிஷம் முன்னதாக ஒரு அலாரம் வைத்துக் கொடுத்தேன்.

எஸ்.எம்.எஸ்ஸில் வருவது தனிக் குடும்பம். ஆன்லைனில் கார்டு போட்டால் இரண்டாவது சான்று வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதலே கட்டாயமாக்கியதால் நம் வீடுகளில் ஓ.டி.பி என்ற சொல் பாட்டிகளுக்கும் தெரியும். அந்தக் குடும்பம் மொத்தமாகப் படுத்த நாள் ஒன்று உண்டு: 2021 மார்ச் 8, திங்கள். வணிக எஸ்.எம்.எஸ் அனுப்புகிறவர்கள் தங்கள் தலைப்பையும் வாசக மாதிரியையும் முன்கூட்டிப் பதிவுசெய்திருக்க வேண்டும், பதிவோடு பொருந்தாததைத் தொலைபேசி நிறுவனங்கள் வடிகட்டிவிட வேண்டும் என்ற, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதி அன்று முழு வீச்சில் அமலுக்கு வந்தது. ஏமாற்றுச் செய்திகளைத் தடுக்க எழுதிய விதி, நோக்கம் நல்லது. ஆனால் அனுப்புகிற பலருடைய பதிவு முழுமையாகவில்லை. வங்கி ஓ.டி.பி, ஆதார் ஓ.டி.பி, தடுப்பூசிக்கான கோவின் பதிவு எல்லாம் நாடெங்கும் தடுமாறின. மறுநாள் ட்ராய் ஏழு நாளுக்கு அந்த வடிகட்டலை நிறுத்திவைத்தது.

அப்போது வீட்டிலிருந்தே வேலை. ஓசூரில் என் அறையில் உட்கார்ந்து அன்று எடுத்த அழைப்புகளில் பாதிக்குமேல் எங்கள் கம்பெனி லாகினே இல்லை. பேங்க் ஓ.டி.பி வரவில்லை, அப்பாவுக்குத் தடுப்பூசிப் பதிவுக்கு வரவில்லை என்று தெரிந்த ஒரே உதவி நம்பருக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் வேலை இல்லை என்று வைத்துவிடலாம். வைக்க மனம் வரவில்லை. “உங்க போன்ல ஒண்ணும் கோளாறு இல்ல, நாடு முழுக்க இப்படித்தான், சிம்மைக் கழட்டி மாட்டாதீங்க, பத்துத் தடவை அழுத்தாதீங்க, கணக்கு பூட்டிக்கும், நாளைக்குப் பாருங்க” என்று சொன்னதே அன்றைய சேவை. கோளாறு உங்களுடையது இல்லை என்று ஒருவர் சொல்லக் கேட்பதில் எவ்வளவு ஆறுதல் என்பதை அன்று கண்டேன்.

இந்தத் தொல்லை எல்லாம் எதற்கு, பேசாமல் ஒரு ‘சரி’ பொத்தான் போதாதா என்று கேட்பவர்களுக்கு 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தில் நடந்ததைச் சொல்வேன். ஒரு ஒப்பந்த ஊழியரின் பாஸ்வேர்ட் திருடர் கையில் இருந்தது. அவர் போனுக்குத் திரும்பத் திரும்ப அப்ரூவல் கோரிக்கை போயிற்று. பலமுறை மறுத்தவர் கடைசியில் ஒருமுறை ஏற்றுக்கொண்டார். உள்ளே புகுந்துவிட்டார்கள். அலுத்துப்போன விரலைத்தான் அவர்கள் நம்பினார்கள். அதனால்தான் இப்போது திரையில் ஒரு எண்ணைக் காட்டி, அதைப் போனில் அடிக்கச் சொல்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2023 மே 8 முதல் தன் ஆத்தென்டிகேட்டரில் இதைக் கட்டாயமாக்கத் தொடங்கியது. எண்ணை அடிக்க வாட்ச் தோதுப்படாது என்பதால் ஆப்பிள் வாட்ச்சுக்கான துணை ஆப்பை அந்த ஜனவரியிலேயே விலக்கிவிட்டார்கள். மணிக்கட்டைத் தட்டியே பழகியவர்கள் ‘வரல’ என்று கூப்பிட்டார்கள். போனை எடுத்துப் பாருங்கள் என்றால் அங்கே இருக்கும். அந்த மாற்றம் சரியான மாற்றம் என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்வேன்.

ஏனென்றால் ‘வரல’ என்று கூப்பிடுகிற எல்லோரும் நம்மவர் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு ஒருவர் கூப்பிட்டார். பெயர், எம்ப்ளாயீ நம்பர், மேனேஜர் பெயர் எல்லாம் சரியாகச் சொன்னார். போன் மெட்ரோவில் தொலைந்துவிட்டது, ப்ராம்ப்ட் வராது, புது நம்பரைச் சேர்த்து ரீசெட் செய்யுங்கள், கிளையன்ட் காத்திருக்கிறார். குரலில் அதே பயம், அதே அவசரம். என் கை கீபோர்டுக்குப் போய்விட்டது. விதி என்னவென்றால் பதிவில் உள்ள மேனேஜரை நாங்களே கூப்பிட்டு, அவர் அந்த ஊழியரிடம் வீடியோவில் பேசி உறுதி சொன்ன பிறகுதான் ரீசெட். பத்து நிமிஷம் காத்திருங்கள் என்றேன். “இவ்வளவு சொல்லியும் நம்பலையா?” என்றார். அந்தக் கேள்வி எனக்கு வலித்தது, உண்மையானவர்களும் அதையேதான் கேட்பார்கள். மேனேஜர் அந்த ஊழியரின் பழைய நம்பரிலேயே கூப்பிட்டார். அவர் ஒயிட்ஃபீல்டில் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், போன் அவர் கையில்தான் இருந்தது. நான் திரும்பி லைனுக்கு வந்தபோது அந்தப் பக்கம் யாருமில்லை.

பாஸ்வேர்ட் எப்படிப் போனது என்று பாதுகாப்பு டீம் பிறகு பார்த்துக்கொண்டது. எனக்கு அன்று இரவு தூக்கமில்லை. இத்தனை பூட்டும் கடைசியில் சர்வீஸ் டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் ஒருவனின் இரக்கத்தில்தான் தொங்குகிறது. இரக்கமில்லாமல் இந்த வேலை செய்ய முடியாது. இரக்கப்பட்டு விதியைத் தளர்த்தினால் ஒருவருடைய சம்பளக் கணக்கு, இன்னொருவருடைய மருத்துவக் காகிதம் எல்லாம் யார் கைக்கோ போகும். அதற்கப்புறம் காத்திருக்கச் சொல்லும்போது மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்வதில்லை. “உங்க பேர்ல வேற யாரும் இப்படிக் கூப்பிட்டு உள்ள போயிறக் கூடாதுங்க, அதுக்குத்தான்” என்று காரணத்தோடு சொல்கிறேன். பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள்.

போன வருஷம் தீபாவளிக்குப் பிறகு வந்த ஒரு அழைப்பைச் சொல்லி முடிக்கிறேன். வாணியம்பாடிக்காரர், இங்கே அல்சூரில் தங்கி வேலை பார்க்கிறவர். பையன் ஊரில் பாட்டியிடம் படிக்கிறான். மூன்று வாரமாக ப்ராம்ப்ட் வரவில்லை, ஒவ்வொரு நாளும் ‘வேறு வழி’ என்பதை அழுத்தி போன்கால் வழியாக லாகின் ஆகிக்கொண்டிருக்கிறார். “எதையும் அழிக்காதீங்கம்மா” என்று தொடங்கினேன். ஆப்பைத் திறந்தார், உள்ளே ஒன்றும் இல்லை. ஆபீஸ் கணக்குக்குப் பக்கத்தில் ஏதோ சிவப்பாக எழுதியிருக்கிறது என்றார். என் பக்கம் பார்த்தால் கோரிக்கைகள் ஒழுங்காகக் கிளம்பி, ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. ஆனால் பதிவில் இருந்த போனின் மாடல் அவர் கையில் இருந்தது இல்லை.

“பழைய போன் என்னாச்சும்மா?”

“தீபாவளிக்குப் புதுசு வாங்கினேன் சார். பழசைப் பையன்கிட்ட கொடுத்துட்டேன், கேம் விளையாட.”

புது போனுக்கு மாறும்போது ஆப் வந்துவிட்டது, கணக்கின் பெயரும் வந்துவிட்டது. சாவி வரவில்லை. அது பழைய போனிலேயே, வாணியம்பாடியில், வீட்டு வைஃபையில் உயிரோடு இருந்தது. அவர் இன்னொரு லைனில் மகனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“ஆமாம்மா, தினமும் காலைல ஏதோ ஒண்ணு வருது. நம்பர் போடுன்னு கேக்குது. எனக்குத் தெரியாதே, தள்ளி விட்டுருவேன்.”

மேனேஜரிடம் உறுதி வாங்கி, புது போனை முறையாக இணைத்து, பழைய போனைப் பதிவிலிருந்து எடுத்தேன். சோதனைக்கு ஒரு கோரிக்கை அனுப்பினேன். அல்சூரில் மணி அடித்தது, ஹெட்செட்டில் கேட்டது. அவர் எண்ணைப் போட்டார், உள்ளே போனார். இன்னும் ஒன்று அனுப்பினேன். “பையன்கிட்ட கேளுங்கம்மா, அங்க ஏதாவது வந்துச்சான்னு.”

கொஞ்ச நேரம் விளையாட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அந்தப் பையன் சொன்னான்.

“வரல.”